‘சிங்க்’ மென்பொருளுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தண்டையார்பேட்டை, மாலை வகுப்பு ஆசிரியர்:
அன்புடையீர், வகுப்புக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மாணவர்களில் பாதிப்பேர் வண்ணாரப்பேட்டையில் திருமண வீடியோ கடைகளில் வேலை செய்கிறவர்கள். ஐம்பது, அறுபது ஜிபி காட்சிகளை இணையத்தில் அனுப்பும்போது நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்காகத்தான் இரு கணினிகளிலுள்ள கோப்புகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஆர்சிங்க், சிங்க்திங் என்ற மென்பொருள்கள் இரண்டையும் கற்பிக்கிறேன். இவ்வகை மென்பொருளுக்கு என்ன பெயர் இடலாம்? ‘சிங்க்’ என்று பலகையில் எழுதினால் பாத்திரம் கழுவும் தொட்டியா என்று சிரிக்கிறார்கள்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘ஒத்திசைவு’ இருக்கிறதே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒத்து என்பது நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழல். ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏசுவது அதை வைத்துத்தான். இசைக்கோ புகழ் என்றும் பொருள். ‘ஈதல் இசைபட வாழ்தல்’ நினைவிருக்கும். என் பரிந்துரை ‘படியொப்பி’. படி என்றால் நகல். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் படிகளை ஒப்புநோக்கியதும் இதே வேலைதானே?

ராயபுரம், கணினிப் பராமரிப்பாளர்:
ஐயா, ஒப்புநோக்கினால் மட்டும் போதாது, மாற்றவும் வேண்டும். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் எப்படி வேலை செய்கிறது? பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகை (துண்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறு அடையாள எண்) கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி தன் கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து அந்தத் துண்டுகளைத் தேடும்; கிடைக்காத பகுதியை மட்டும் அனுப்பும்.

ஆனால் வீடியோவைத் திருத்தி மறுபடி ஏற்றுமதி செய்தால் கோப்பின் பெரும்பகுதி மாறிவிடும். அங்கே இந்தச் சிக்கனத்தை எதிர்பார்க்க வேண்டாம். மின்வெட்டுக்குத் தேவை ஆர்சிங்கின் ‘பார்ஷியல்’ விருப்பத்தேர்வு. பாதி வந்த கோப்பை அது அழிக்காமல் வைத்திருக்கும். கையேட்டில் இதை முதலில் எழுதுங்கள்.

சொல்லா? சிங்க் என்றே இருக்கட்டும். தொல்காப்பியரே வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்றுக்கொண்டார்.

பெரம்பூர்:
வல்லின மெய்யில் முடியும் சொல்லைத் தொல்காப்பியர் தலையில் கட்டாதீர்கள். பிறமொழிச் சரக்கு நமக்கு எதற்கு?

வியாசர்பாடி, மொழிபெயர்ப்பாளர்:
தன்வினை, பிறவினையைப் பாருங்கள். இசைந்தது, இசைத்தது. கோப்புகள் ஒத்திசைகின்றன, மென்பொருள் அவற்றை ஒத்திசைக்கிறது. எனவே நிலை ஒத்திசைவு, செயல் ஒத்திசைப்பு, கருவி ‘ஒத்திசைப்பி’. மண்வெட்டியில் வரும் அதே இகர விகுதி. கைப்பேசியில் ‘ஒத்திசை’ என்ற சொல்லை மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ‘படியொப்பி’ என்றால் ரேஷன் கடையில் அளவு சரிபார்க்கும் கருவி என்றல்லவா நினைப்பார்கள்!

தண்டையார்பேட்டை:
தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பான்மை ஒத்திசைப்பிக்கே. அதையே போடுகிறேன், முதல் பக்கத்தில் ஒருமுறை ‘சிங்க்’ என்றும் இருக்கும். இன்னொன்று பாக்கி. ஒரே கோப்பை இருவர் தனித்தனியே திருத்திவிட்டால் சிங்க்திங் ஒன்றைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைக்கிறதே, அதற்கு என்ன சொல்?

பெரம்பூர்:
பாடபேதம். ஒரே நூலின் சுவடிகளுக்குள் சொற்கள் மாறுபடுவதை அப்படித்தானே சொல்கிறோம். இதில் விவாதமே வேண்டாம். ஒத்திசைப்பியை நான் ஏற்கவில்லை என்பதும் பதிவில் இருக்கட்டும்.

வியாசர்பாடி:
பேதம் வடசொல், ஐயா.

ராயபுரம்:
பாடமும்தான்.