ஒண்ணாம் வகுப்புக்குப் பாட்டு வாத்தியார்: கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. ஏற்காட்டுல ஒரு தொடக்கப் பள்ளியில இந்த ஜூன்ல பாட்டு வாத்தியாரா சேர்ந்தேன். சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கறதுக்குள்ளயே பாதித் தொண்டை போயிடுது, அது தனிக்கதை.

நான் கத்துக்கிட்ட மாதிரியே மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்துல முதல்ல சொல்லிக்கொடுக்கிற ஸ்வரப் பயிற்சி) ஆரம்பிச்சேன். ஸ, ரி ஒட்டிக்கிட்டு நிக்குது; ரியிலேர்ந்து க-வுக்குத் தாவற இடத்துல 35 பேரும் 35 பக்கம் போறாங்க. தட்டிட்டு விரல் எண்ணற ஆதி தாளம் போட்டா சுண்டுவிரல், மோதிரவிரல் வரைக்கும் ஒழுங்கு. நடுவிரல் வரும்போது ஒருத்தன் பக்கத்துப் பையனைக் கிள்ளிடறான். என் சுருதி வேற ஒண்ணரைக் கட்டை (கட்டைன்னா சுருதியோட உயர அளவு). அவங்களுக்காக அஞ்சு கட்டை வச்சா நான் கீழ முனகத்தான் முடியுது.

நேத்து ஒரு பாப்பா பாட்டிகிட்ட கத்துக்கிட்ட கும்மியைப் பாடுச்சு. மொத்த வகுப்பும் தாளம் பிசகாம கை தட்டுச்சு!

அதனால கேக்கறேன்: சரளியைத் தள்ளிவச்சுட்டு கும்மி, தாலாட்டு, அப்புறம் அஞ்சே ஸ்வரம் இருக்கிற மோகன ராகம்னு போகலாமா? சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க எந்தக் கட்டை வைக்கறீங்க? வீட்டுல சும்மா கிடக்கிற ஜால்ரா, சலங்கை இருந்தாலும் சொல்லுங்க. சேலம் அம்மாபேட்டை பக்கம்னா நானே வந்து வாங்கிக்கறேன்.