மீகடத்தித் துண்டில் சுழி நடுவிலேயே நின்றுவிடுகிறது

வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கம்பஸ் இறுதியாண்டு ஆய்வுக்காக, ஒரு சின்ன மீகடத்தித் (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்) துண்டுக்குள் காந்தச் சுழிகள் (காந்தப்புலம் நுழையும் மெல்லிய குழல்கள், அவற்றைச் சுற்றி மின்னோட்டம் சுழலும்) நகர்வதைப் பைத்தனில் கணித்துப் பார்க்கிறேன். மீகடத்தும் நிலை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும், காலம் சார்ந்த கின்ஸ்பர்க்-லண்டாவ் சமன்பாடுதான்.

சிக்கல்: மின்னோட்டம் கொடுத்ததும் சுழி ஒரு விளிம்பால் நுழைந்து, நடுவுக்கு வந்து, அப்படியே நின்றுவிடுகிறது. மின்னழுத்த வரைபடத்தில் ஒரு கூரிய முள், அப்புறம் பூச்சியத்தில் நேர்கோடு. மின்னோட்டம் சுழிமேல் செலுத்தும் லோரன்ஸ் விசை அதை எதிர் விளிம்பால் வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

துண்டின் அகலம் 8 ஒத்திசைவு நீளம் (சுழி மையத்தின் பருமனளவான நீளம்), நீளம் அதே அலகில் 12, கப்பா (புலம் ஊடுருவும் ஆழத்துக்கும் ஒத்திசைவு நீளத்துக்கும் உள்ள விகிதம்) 2. வெளிக் காந்தப்புலம், மேல் மாறுநிலைப் புலத்தின் (பொருளின் உட்பகுதியில் மீகடத்தல் அழிந்துவிடும் புலம்) 0.3 பங்கு. ஒரு விளிம்பில் புலத்தைக் கூட்டி, மறு விளிம்பில் குறைத்து மின்னோட்டத்தைக் கொடுக்கிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு முன், மின்னோட்டமில்லாமல் ஓட்டியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

கணிப்பு வலையின் (grid) புள்ளி இடைவெளியை 0.5 இலிருந்து 0.2 ஒத்திசைவு நீளமாக்கினேன். நேரப் படியைப் பாதியாக்கினேன். சிறிது இரைச்சலும் சேர்த்தேன். சுழி அசையவில்லை. அதைச் சுற்றி ஒருமுறை வந்தால் மீகடத்தி அலையின் கட்டம் (phase) 2 பை மாறுகிறது, ஆகவே உண்மையான சுழிதான். இதைவிட நுண்ணிய வலையில் ஓட்டினால் என் மடிகணினியில் நெடுநேரம் எடுக்கும். பின்னேரம் இடி இடித்தால் கரண்டும் போய்விடும்.

சின்னத் துண்டில் விளிம்பை ஒட்டி ஓடும் திரையிடும் மின்னோட்டமே (வெளிப்புலத்தை உள்ளே விடாமல் தடுக்கும் மின்னோட்டம்) சுழியை நடுவில் பிடித்து வைக்கும் என்பது என் எண்ணம். சுழி விளிம்பைக் கடப்பதைத் தடுக்கும், 1964 இல் இயற்பியலாளர்கள் பீனும் லிவிங்ஸ்டனும் சொன்ன விளிம்புத் தடையும் இருக்கிறது. மேற்பார்வையாளரோ என் எல்லை நிபந்தனை (துண்டின் விளிம்பில் சமன்பாட்டுக்குக் கொடுக்கும் விதி) பிழை என்கிறார்.

இந்த இரண்டில் எது காரணம் என்று பிரித்துக் காட்ட என்ன சோதனை ஓட்டலாம்?