மே மழைக்கு முன்னால்: லயத்து வீட்டில் நாய்க்கும் பூனைக்கும் என்ன ஏற்பாடு?

லிந்துலைத் தம்பி:

வணக்கம். எங்கள் லயத்து வீட்டில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நாட்டு நாய் ஒன்று இருக்கிறது, 2 வயது, 14 கிலோ. பத்து நாள் குட்டிகளோடு ஒரு பூனையும் உண்டு. நாய் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) சீமெந்துத் தரையில் படுக்கும், பகலில் ஆட்களோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய் வரும். மே கடைசியில் மழை பிடித்தால் இங்கே துணிகூடக் காயாது. நாய்க்குப் படுக்கை எப்படிச் செய்வது? அட்டைக்கும் உண்ணிக்கும் என்ன செய்வது? இரவில் குட்டிகளுக்குக் குளிரும் என்று காம்பிராவுக்குள் (அறைக்குள்) கரிச்சட்டி வைக்கலாமா?

டிக்கோயா அண்ணன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தம்பி: கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். மழைக்குக் கதவு ஜன்னல் சாத்திய காம்பிராவில் கரி கனன்றால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமில்லை, கண்ணும் எரியாது. ஆளும் பூனையும் தூக்கத்திலேயே போய்விடக்கூடும்.

அதற்குப் பதிலாக ஒரு லீற்றர் போத்தலில் சுடுதண்ணி நிரப்புங்கள். கொதிதண்ணி இல்லை, கையில் பிடித்தால் தாங்குகிற சூடு. மூடியை இறுக்கி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றி, குட்டிகள் இருக்கிற பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் நகர்ந்து போக மற்றப் பக்கம் இடம் இருக்க வேண்டும். பிறந்து முதல் சில கிழமைகளுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காக்க முடியாது. தொட்டால் சில்லென்று கிடக்கிற குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டாதீர்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது, விழுங்கத் தெம்பில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மெதுவாகச் சூடேற்றிய பிறகு தாயிடம் விடுங்கள்.

விறகடுப்பு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தாய்ப்பூனை இரவில் அடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டுகொள்ளும், சிலவேளை குட்டியையும் கவ்வி வந்து அங்கேயே வைக்கும். விடிய இருட்டில் தீ மூட்டுவதற்கு முன் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். இரவில் அடுப்பு வாயைத் தகரத்தால் அடைத்து வைப்பது இன்னும் நல்லது.

இனி நாய். நம் மலையில் அதற்கு எதிரி குளிர் இல்லை, ஈரம். காய்ந்த மயிரோடு இருக்கிற நாட்டு நாய் ஜனவரிப் பனியையும் தாங்கும். அதே நாய் நனைந்தபடி சீமெந்தில் படுத்தால், மயிருக்குள் நிற்கும் காற்று போய்விடும், வயிற்றுச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தரையிலிருந்து நாலு ஐந்து அங்குலம் உயர்த்திப் பலகைத் தட்டு அடியுங்கள். பலகைகளுக்கு இடையில் விரல் நுழையாத இடைவெளி விட்டால் தண்ணி வடியும், கால் மாட்டாது. பெட்டியாகச் செய்வதென்றால் நாய் எழும்பி நின்று, திரும்பி, சுருண்டு படுக்கிற அளவு போதும். பெரிசாகச் செய்தால் உள்ளே சூடு நிற்காது. தென்மேற்கு மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அதனால் வாசலைக் கிழக்குப் பக்கம் வையுங்கள்.

விரிப்புக்குச் சணல் சாக்கு நல்லது. உரச்சாக்கை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் தையலில் யூரியா ஒட்டியிருக்கும், நாய் நக்கும். இரண்டு சோடி வைத்துக்கொண்டு, ஒன்று அடுப்புக்கு மேலே காயும்போது மற்றதை விரியுங்கள்.

மலையிலிருந்து வந்ததும் முதுகைத் துடைப்பதைவிடக் கால் விரலிடுக்கைத் துடைப்பது முக்கியம். அங்கே சிவந்து, நாய் ஓயாமல் நக்கினால், கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணியில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஐந்து நிமிடம் பாதத்தை அமிழ்த்தி, நன்றாக ஒற்றி எடுங்கள். மூன்று நாலு நாளில் குறையாவிட்டால் பூஞ்சணமோ கிருமியோ பிடித்திருக்கும், மருந்து வேண்டும். அடைமழைக்குள் குளிப்பாட்டாதீர்கள்.

மஸ்கெலியா பச்சைமலை:

அட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மெலிந்த முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையைத் தள்ளிவிட வேண்டும். உப்பு, சுண்ணாம்பு, நெருப்புக் குச்சி போட்டாலும் விழும்தான். ஆனால் விழும் முன் குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிட்டுப் போகும், புண் அதனால்தான் பழுக்கிறது. விழுந்த பிறகும் இரத்தம் வடியும், அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். விரலிடுக்கு, காது மடிப்பு, உதட்டின் உட்பக்கம், தொடை இடுக்கு, இவ்வளவும் தினமும் பார்க்க வேண்டும்.

மூக்குக்குள் ஏறும் அட்டை வேறு. ஓடையிலும் ஊற்றுக் குழியிலும் வாய் வைத்துக் குடிக்கும்போது குஞ்சாக ஏறி, உள்ளேயே இருந்து கிழமைக்கணக்கில் பெருக்கும். ஒரு மூக்கில் மட்டும் விட்டு விட்டு இரத்தம், ஓயாத தும்மல், தலையை உதறுவது என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சில மணி நேரம் தண்ணி காட்டாமல் வைத்து, பிறகு அகலமான கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணியை மூக்குக்கு நேரே பிடித்தால், கறுப்பாக, வழுவழுவென்று ஒரு நுனி துவாரத்துக்கு வெளியே நீளும். அந்த நேரம் சொரசொரப்பான துணியாலோ மொட்டை முனைச் சாமணத்தாலோ பிடித்து, அதே இழுப்பில் மெதுவாக வைத்திருக்க வேண்டும். சுண்டினால் அறுந்து பாதி உள்ளே நிற்கும். இரண்டு தரம் முயன்றும் வராவிட்டால் வைத்தியரிடம் போங்கள். மூக்குக்குள் உப்புத்தண்ணி, புகையிலைச் சாறு எதுவும் ஊற்றக்கூடாது.

உண்ணிக்கு இங்கே பலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை அக்கா:

மண்ணெண்ணெய் கூடாது. தோல் வெந்துவிடும், நாய் நக்கினால் நுரையீரல் வரைக்கும் போகும். உண்ணியை நுனி மெலிந்த சாமணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். வயிற்றை நசுக்கக்கூடாது. எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணியில் போடுங்கள்.

நாயில் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். பழுப்பு உண்ணி குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். லயத்துச் சுவரும் கூரைப் பலகை இடுக்கும் அதற்கு வசதியான இடம், அடுப்படிச் சூடு இருந்தால் பனிக்காலத்திலும் பெருகும். அதனால் நாய் படுக்கும் பக்கத்துச் சுவர் வெடிப்புகளைச் சீமெந்து வைத்து அடையுங்கள், சாக்கைக் கிழமைக்கு ஒருதரம் கொதிதண்ணியில் போடுங்கள். சுவர் வேலையை வெயில் காலத்தில்தான் செய்யலாம். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. எங்கள் பண்டாரவளை போல ஊவாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரைக் காற்றும் வெயிலும், மழை ஒக்டோபரில்தான் தொடங்கும். இந்தப் பதிலைப் படிப்பவர்கள் தங்கள் மலை எந்தப் பக்கம் என்று பார்த்து மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மருந்தில் கழுத்தில் விடும் ஃபிப்ரொனில் சொட்டு பரவலாகக் கிடைக்கும். போடுவதற்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு நாளும் நாய் நனையக்கூடாது. மே மழையில் அது நடக்காத காரியம். மலைக்குப் போகும் நாய்க்கு ஃபுளூராலனர் மாத்திரைதான் என் தெரிவு. தீனியோடு கொடுத்தால் உண்ணிக்குப் பொதுவாக 12 கிழமை நிற்கும், உங்கள் நாய்க்கு 10–20 கிலோ பெட்டி. வலிப்பு வந்த நாய் என்றால் வைத்தியரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன மூக்கு இரத்தத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் இரத்தம் வரும். சாப்பாடு வேண்டாம் என்று ஒதுங்கி, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, வெளிறிய முரசு (பல் ஈறு), தேயிலைச் சாயம் போல சிறுநீர் என்று கண்டால் அட்டை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். முரசை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வழமை, 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுங்கள். இரத்தம் பார்த்த பிறகே மருந்து. எர்லிக்கியா (உண்ணி பரப்பும் கிருமி) என்றால் வழக்கமாக டொக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். ஐந்தாம் நாள் நாய் துள்ளி விளையாடும், அத்தோடு மருந்தை நிறுத்தினால் நோய் உள்ளே தங்கி மாதங்கள் கழித்துத் திரும்பும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.

லிந்துலைத் தம்பி:

அண்ணா, அக்கா, மிகவும் நன்றி. பூனைக்கும் நாயின் சொட்டு மருந்தில் பாதி விடலாமா? காய்ச்சல் என்றால் பனடோல் துண்டு கொடுக்கலாமா?

பண்டாரவளை அக்கா:

இரண்டும் கூடாது தம்பி. நாய்ச் சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அதில் சில துளி பட்டாலே பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். பூனைப் படம் போட்ட பெட்டியை, எடை பார்த்து வாங்குங்கள். குட்டிகளுக்கு இப்போது எதுவும் போட வேண்டாம், தெள்ளுச் சீப்பால் வாரினால் போதும். பால் கொடுக்கும் தாய்க்கு எது சரி என்று வைத்தியரிடம் கேளுங்கள். பனடோலைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதிகூட ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்த மணிநேரமே வைத்தியரிடம் ஓடுங்கள். டெட்டோலும் பூனைக்கு நஞ்சு.

நுவரெலியா மரக்கறித் தோட்டம்:

இங்கே ஒருவரும் தடுப்பூசி பற்றிச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் ஊசி முதல்முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு தரம் போட வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒன்று. மேயில் மழை என்றால் ஏப்ரல் தொடங்கும்போதே முதல் ஊசி. கான் (வடிகால்) தண்ணியிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் கலந்து கிடக்கும், நாய்க்கு வந்தால் வீட்டு ஆட்களுக்கும் தொற்றலாம். சுகமில்லாத நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் ஊடாக இலவசமாகப் போடுவார்கள், பூனைக்கும் கேளுங்கள்.

மழை தொடங்கினால் கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் பாத்திகளில் நத்தை மருந்து தூவுவோம். மெட்டல்டிஹைட் குருணை நாய்க்கு வாசமான தீனி. தின்று ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் உடம்பு உதறத் தொடங்கும், மாற்று மருந்து கிடையாது. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வலிப்போடு வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே முடியாது என்றால் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

இருட்டிய பிறகு நாயை இஸ்தோப்பில் சங்கிலியில் விடாதீர்கள். மூடுபனி இறங்கும் இரவில் சிறுத்தை லயம் வரைக்கும் வரும், கட்டிய நாயால் ஓட முடியாது. அண்ணன் சொன்ன பலகைத் தட்டைக் கதவுக்கு உள்ளே போடுங்கள்.