பிளவு விசைப்பலகையில் ஆங்கிலம் சரியாக வருகிறது, தமிழ்99 மட்டும் குழம்புகிறது

நெய்தல்:
இரு பாதிகளாகப் பிரிந்த விசைப்பலகை ஒன்றை லினக்ஸ் கணினியில் இணைத்திருக்கிறேன். ஆங்கிலம் பிழையின்றி வருகிறது. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாறினால் எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன. நாளைக்குள் ஒரு கட்டுரையை முடித்தாக வேண்டும், விரைந்து உதவுங்கள்.

பொறிவண்டு:
எந்த லினக்ஸ், திரையையும் விசை உள்ளீட்டையும் கையாள்வது எக்ஸ்11 அமர்வா வேலாண்டா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எனக்கு இத்தகைய தொல்லைகள் வேலாண்டில்தான் நேர்ந்திருக்கின்றன. எக்ஸ்11-இல் நுழைந்து பாருங்கள்.

செம்புக்கம்பி:
இரு பாதிகளையும் இணைக்கும் கம்பி தளர்ந்திருக்கலாம். யூஎஸ்பியைக் கழற்றிய பின்பே அதைத் தொடுங்கள். மின்சாரம் பாயும்போது பிடுங்கினால் உள்ளிருக்கும் சில்லு கெடக்கூடும்.

பழையவிசை:
கம்பி தளர்ந்திருந்தால் ஆங்கிலமும் கெட்டிருக்கும். எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வருகிறது என்று எழுதாமல் உதவி கேட்கக் கூடாது என்பது அடிப்படைப் பாடம். அதை எத்தனை முறை சொல்லிக்கொடுப்பது?

நெய்தல்:
மன்னிக்கவும். டெபியன், எக்ஸ்11. க இருக்க வேண்டிய இடத்தில் உ வருகிறது, ப-வின் இடத்தில் க வருகிறது, புள்ளிக்குப் பதிலாக ற வருகிறது. அ, ர இரண்டு மட்டுமே சரியாக இருக்கின்றன.

வரிவடிவம்:
அந்த இரண்டு எழுத்துகளே விடையைச் சொல்லிவிட்டன. வழக்கமான ஆங்கில விசை அமைப்பான குவெர்ட்டியிலும் அதற்கு மாற்றான துவோராக்கிலும் இடம் மாறாத ஆங்கில எழுத்துகள் ஏ, எம் இரண்டு மட்டுமே. தமிழ்99-இல் அவை அ, ர. பலகையின் நிலைபொருளிலேயே (பலகைக்குள் இயங்கும் மென்பொருளிலேயே) துவோராக்கை ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

யூஎஸ்பி விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, ஓர் எண்ணையே அனுப்புகிறது. வலக்கைச் சுட்டுவிரலுக்கு இடப்பக்கம் உள்ள விசை வழக்கமாக எச்-சுக்குரிய 11-ஐ அனுப்பும். உங்கள் பலகையோ டி-க்குரிய 7-ஐ அனுப்புகிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்திவிடுகிறது. ஆனால் குவெர்ட்டி இடங்களை நம்பி அமைக்கப்பட்ட தமிழ்99, டி என்றால் உ, எச் என்றால் க என்று கொள்வதால், நீங்கள் க-வைத் தேடிய விரலில் உ விழுகிறது. க்யூஎம்கே நிலைபொருள் என்றால் குவெர்ட்டியை இரண்டாம் அடுக்காக, அதாவது அதே விசைகளுக்கான மாற்று அமைப்பாகச் சேர்த்து, தமிழுக்கு மாறும்போது அந்த அடுக்குக்கும் மாறுங்கள்.

பழையவிசை:
இது ஒட்டுப்போடும் வேலை. பலகையில் குவெர்ட்டியை மட்டும் வைத்து, துவோராக்கையும் தமிழையும் லினக்ஸில் விசை அமைப்புகளைக் கையாளும் எக்ஸ்கேபி-யிடம் ஒப்படைப்பதே முறை. மடிக்கணினியின் சொந்த விசைகளுக்கும் அதே அமைப்பு கிடைக்கும்.

பொறிவண்டு:
அதை ஏற்க மாட்டேன். வட்டின் மறையாக்கக் கடவுச்சொல்லைக் கேட்கும் நேரத்தில் உங்கள் எக்ஸ்கேபி இன்னும் விழித்திருக்காது. நிலைபொருளில் இருப்பதோ எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும்.

பழையவிசை:
கடவுச்சொல்லை நாளுக்கு ஒரு முறை தட்டுகிறோம், தமிழை நாள் முழுவதும் எழுதுகிறோம். எதற்காக அமைப்பது என்பதை முதலில் யோசியுங்கள்.

வரிவடிவம்:
இருவர் சொல்வதும் நடைமுறையில் இயங்கும். அவசரத்தில் இருப்பவருக்கு அடுக்கு மாற்றமே விரைவானது. தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால், பிளவுப் பலகை அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். பழகிய பின் விட மனம் வராது.

நெய்தல்:
ஆம், துவோராக்தான், ஆங்கிலம் சரியாக வந்ததால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அடுக்கைச் சேர்த்தேன், க இப்போது க-வாகவே வருகிறது. நன்றி.

செம்புக்கம்பி:
வ, ங இரண்டும் இடப்பாதியில்தானே அமைகின்றன? அவற்றை வலப்பக்கம் கொண்டுவந்தீர்களா, அப்படியே விட்டீர்களா?