ஆறு அட்டையில் ஐந்தே சொற்கள், ஏழாவதில் இடமில்லாத எழுத்து: ஏன்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

வணக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரம் இருக்கிறேன். தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நான்கு வருடமாகப் பழைய பிரெஞ்சுப் படத் தபால் அட்டைகளைச் சேர்த்து வருகிறேன்.

சென்ற மாதம் மாஹேயில் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய சாமான் கடையில், துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஏழு அட்டைகள் சணலால் கட்டிக் கிடந்தன. எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஏழும் ஒரே கையெழுத்து. மார்செய் துறைமுகத்திலிருந்து ஆர்தேஷ் மலைக் கிராமம் ஒன்றில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போனவை. அவள் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. முத்திரைகள் 1907 அக்டோபரில் தொடங்கி 1908 ஜனவரியில் முடிகின்றன.

நான்கு அட்டைகளில் ஒரே இரும்புப் பாலம். இரண்டு உயர்ந்த கோபுரங்கள், உச்சியில் குறுக்குச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை. அந்த மேடைதான் ஆட்களையும் வண்டிகளையும் சுமந்துகொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்திருக்கிறது. 1905-இல் திறந்த பாலத்தை 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடி வைத்துத் தகர்த்தது. அதைக் கட்டி இரண்டே வருடம் ஆன புதுசில் பார்த்தவன் அனுப்பிய அட்டை என் கையில் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது.

என் கேள்வி இதுதான். முதல் ஆறிலும் பச்சைத் தபால்தலை, ஐந்தே சொற்கள்: 'போன் பெசே த தோன்', அதன்பின் 'எஃப்' எழுத்தில் தொடங்கும் ஒரு சொல். 'அன்பு முத்தங்கள், உன்னுடைய...' என்று வருகிறது. கடைசிச் சொல் 'ஃபியான்சே', அதாவது அவளுக்கு நிச்சயமானவன் என்றே நான் படித்தேன். ஏழாவதில் மட்டும் சிவப்புத் தபால்தலை. ஓரம்கூட விடாமல் எழுதி நிரப்பியிருக்கிறான். மூன்று மாதம் வாய் திறக்காதவன் ஒரே நாளில் இவ்வளவு பேசுவானேன்? இன்னொன்று: ஏழு அட்டைகளிலும் நான்கு மூலைகள் மட்டும் முக்கோணமாக வெளுத்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் தேநீர் நிறம்.

செங்கோட்டை அஞ்சல்

டீச்சர், நான் தபால் துறையில் இருந்தவன். காரணம் கட்டணம்தான். அன்றைய பிரான்சில் படத் தபால் அட்டையில் ஐந்து சொற்களுக்குள் வாழ்த்து மட்டும் எழுதினால் 5 சாந்தீம் (பிராங்கில் நூறில் ஒரு பங்கு, நம் பைசா மாதிரி). ஒரு சொல் கூடினாலும் 10. பச்சை 5, சிவப்பு 10. நாம் பொங்கல் வாழ்த்தை உறை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் அனுப்பிக் காசு மிச்சம் பிடித்தோமே, அதே கணக்கு. அவன் வாய் திறக்காமல் இல்லை. கையில் காசு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1906 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுக் கடிதத்துக்கும் அங்கே 10 சாந்தீம்தான். அதே காசில் உறைக்குள் மூடி, பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். தபால்காரர் முதல் அண்டை வீட்டார் வரை யாரும் படிக்கக்கூடிய அட்டையில் எழுதினான் என்றால், அவளுக்குப் படம் வேண்டும் என்று பொருள். உங்கள் வெளுத்த மூலைகளே சாட்சி. அந்தக் கால ஆல்பங்களில் தாளைக் கீறி, அந்தக் கீறலில் அட்டையின் மூலைகளைச் செருகுவார்கள். செருகிய இடத்தில் வெளிச்சமும் தூசியும் படாது. அவளும் உங்களைப் போல் சேர்த்தவள்தான்.

தயவுசெய்து அந்தச் சணலைக் கழற்றிவிடுங்கள், விளிம்பை அறுத்துவிடும். பி.வி.சி. உறையில் போடாதீர்கள். உங்கள் பக்கத்து ஈரத்துக்கு இராமபாணப் பூச்சி வேறு வரும். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

நகரி வாசகன்

அம்மா, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன் நான். நீங்கள் இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எஃப்' எழுத்தை அடுத்து 'ஐ' இல்லை, 'ஆர்' இருக்கிறது. பிரெஞ்சுக் கூட்டெழுத்தில் 'ஆர்' ஒரு சிறு தோள்போல் மேலே எழுந்து இறங்கும். 'ஐ'க்கு உரிய புள்ளியும் இல்லை. நடுவில் 'ஈ'யின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு. அந்தச் சொல் 'ஃப்ரேர்'. அண்ணன் அல்லது தம்பி.

1906-இல் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. வீடு வீடாக எல்லோருடைய பெயர், தொழில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது வரை எழுதியிருப்பார்கள். மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பலவும் அந்தத் தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. தேடிப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

இருவருக்கும் என் கைகூப்பு. ஐந்து இரவுகள் தேடினேன். வீடு கிடைத்துவிட்டது. தலைவி: விதவை, விவசாயம். மகன், வயது பத்தொன்பது. மகள், பதினான்கு. மகள் பெயர்தான் அட்டையில் இருக்கும் பெயர். பதினான்கு வயதுக் குழந்தையை நான் காதலி என்று எண்ணியிருந்தேன். அவன் ஊரைவிட்டுப் போன பையன். வாரக் கூலியில் ஒரு படமும் ஒரு பச்சைத் தபால்தலையும் தங்கைக்காக எடுத்து வைத்திருக்கிறான்.

ஏழாவது அட்டையை எழுத்தெழுத்தாகக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் தட்டினேன். முக்கால்வாசி புரிந்தது. மிஸ்திரால் காற்றைப் பற்றி எழுதுகிறான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து இறங்கி மார்செய் வரை அடிக்கும் குளிர்காற்று அது. கணவாய்க்குள் புகுந்து வரும் விருச்சிகக் காற்றில் ஓடு பறக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டு வரிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் இரவு வேலையாம். கழுத்து வலிக்கிறதாம். ஆனால் மூன்றாம் வரியில் அவன் கேட்கும் பொருள் எதுவென்று தெரியவில்லை. நடுவே சிறு கோடு போட்ட இரட்டைச் சொல். கைப்பேசி 'மூக்கை மறை' என்கிறது. அந்த வரியை மட்டும் லென்ஸ் வைத்துப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். யாராவது வாசித்துச் சொல்லுங்கள்.

நகரி வாசகன்

கைப்பேசி சொன்னது சொல்லுக்குச் சொல் சரிதான், அம்மா. 'காஷ்-நே'. மூக்குவரை சுற்றிக்கொள்ளும் கம்பளி மப்ளருக்கு அவர்கள் வைத்த பெயர். அடுத்த சொற்களையும் சேர்த்துப் படித்தால் வரி இப்படி வருகிறது: 'அம்மா பின்னிய மப்ளரை அனுப்பிவை. வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேனே, அந்த நீல மப்ளர்.'