மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்

கம்பத்தில் குடியிருந்துகொண்டு, குமுளிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ரத்தமும் சளியுமாகப் போன பெருங்குடல் அழற்சிக்கு, ஐந்து ஆண்டுகளாகச் சல்பாசலசின் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு நான்கு வீதம் சாப்பிட்டு வந்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முதல் நாளே எச்சரித்த மருத்துவர், பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் குழந்தையில்லை என்றதும் சோதனைகள் எல்லாம் என் மனைவிக்கே நடந்தன. ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே என ஒவ்வொன்றையும் அவள் தாங்கிக்கொண்டாள். எக்ஸ்ரே முடிந்து ஜீப்பில் திரும்பும்போது வலி பொறுக்காமல் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் வளையல் அடுக்க அவளைக் கூப்பிடவே இல்லை.

கடைசியில் கோட்டயத்தில் பார்த்த மருத்துவர்தான் என் பக்கம் திரும்பி, "ஸ்திரமாயி மருந்நு வல்லதும் கழிக்குந்நுண்டோ?" (வழக்கமாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?) என்று மலையாளத்தில் கேட்டார். சட்டைப்பையிலிருந்த அட்டையை நீட்டினேன். விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 60 லட்சம் அணுக்களே இருந்தன; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குறித்த கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். குடலுக்குள் இம்மாத்திரை இரண்டாகப் பிரிகிறது என்றும், அழற்சியைத் தணிப்பது ஒரு பகுதி, ரத்தத்தில் கலந்து விந்தணுக்களின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைப்பது சல்பாபிரிடின் என்னும் மற்றொரு பகுதி என்றும் அவர் விளக்கினார். 1979-லேயே மருத்துவ இதழில் வெளிவந்த செய்தியாம் இது. நல்லவேளையாக, மருந்தை மாற்றினால் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் நீங்கிவிடும்.

குடல் மருத்துவரிடம் பேசி, சல்பாபிரிடின் இல்லாத மெசலமைன் என்னும் மருந்துக்கு மாற்றினார்கள். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதமாகும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துப் பரிசோதித்தபோது எண்ணிக்கை 2 கோடியே 20 லட்சமாக உயர்ந்திருந்தது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோய் மீண்டும் கிளம்பினால் அதுவும் உடலைக் கெடுக்கும்.

மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்கும் தோட்டத் தோழர்களுக்கும் ஒரு சொல். 2018-இல் வெளியான ஆய்வில், 31 இளைஞர்களில் ஒரு பிரிவினர் தினமும் 1,200 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் உட்கொண்டபோது விரைகளைத் தூண்டும் ஹார்மோன் கூடியது, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் குறையவில்லை. குழந்தைப்பேறு கெடும் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு அறிக்கைகளையும் அம்மாவிடம் காட்டி, காரணம் என் மாத்திரைதான் என்று நானே சொன்னேன்.