ஆவாரை விதை முளைக்கவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: ஆவாரை விதையை இரவு முழுக்க ஊறவைத்து நட்டும் முளைப்பே இல்லை. தொட்டியில் வளருமா? பூவை எப்படிக் காயவைப்பது?

பதில் 1: விதைத்தோல் ரொம்பக் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் ஒரு ஓரத்தை மட்டும், உள்ளே வெளுப்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு ஊறவையுங்கள். காம்புத் தழும்பு இருக்கும் பக்கம் வேண்டாம், முளை அடிபடும். காலையில் உப்பியதை மட்டும் 1 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கணும்.

பதில் 2: நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் செடி தேறுவது கஷ்டம். தொட்டி என்றால் ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும், மண்ணில் பாதி மணல். இலை மஞ்சளானதும் பலர் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வேர் அழுகல்தான்! மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். முழு வெயில் கட்டாயம்.

பதில் 3: பனி உலர்ந்ததும் பூவைப் பறித்து, காம்பு கிள்ளி, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். விரலில் நொறுங்கினால் பதம். காய்ந்த பூவில் டீ போட, ஒரு டம்ளர் நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் குடிக்கணும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.